விலை கொடுத்து வாங்காத எரிபொருள்

நான் பிறந்த தோட்டத்தில் இரண்டு விதமான கரண்டு இருந்தது. ஆலைக் கரண்டு, இன்ஜின் கரண்டு என்று பிரித்துச் சொல்வோம். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தை ஊருக்கு வெளியே, எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நின்றால் செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையின் புகைபோக்கி தெரியும். பழம் நிறைய வரும் மாதங்களில் ஆலை இரவு பகலாக ஓடும். அப்போது லயத்து வீடுகளிலும் விடிய விடிய விளக்கு எரியும். பழம் குறைந்து ஆலை நின்றுவிட்டால், ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்த டீசல் இன்ஜினை மாலை ஆறரைக்கு ஓட்டுவார்கள். இரவு பத்து மணியானதும் விளக்கு இரண்டு மூன்று முறை மங்கும். பாயை விரித்துக்கொள்ள அதுதான் அடையாளம். அப்புறம் விடியும்வரை மண்ணெண்ணெய் விளக்குதான்.

அப்பா அந்த ஆலையில் பாய்லர் வேலை பார்த்தார். ஆலை ஓடும்போது மட்டும் ஏன் ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறது என்று ஒருமுறை கேட்டேன். “டீசலுக்கு மாசாமாசம் பில்லு வருது. நாருக்கு யாருப்பா பில்லு அனுப்புறா?” என்றார். துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், டீசலுக்குக் கணக்குப் பார்த்தார், நாருக்குப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுப் பாடப் புத்தகத்தின் மேல் வெளிச்சம் எத்தனை மணி நேரம் விழ வேண்டும் என்பதை அந்தக் கணக்குதான் முடிவு செய்தது.

நார் என்றால் என்னவென்று தோட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். குலையை நீராவியில் வேகவைத்து, பழத்தை உதிர்த்து, எண்ணெயைப் பிழிந்த பிறகு மிஞ்சுவது நார். கொட்டையை உடைத்துப் பருப்பை எடுத்த பிறகு மிஞ்சுவது ஓடு. நூறு கிலோ குலைக்கு ஏறக்குறைய பதின்மூன்று கிலோ நாரும் ஆறு கிலோ ஓடும் கிடைக்கும். இரண்டையும் பாய்லரில் எரித்து, அதில் வரும் நீராவியால் டர்பைனைச் சுழற்றி, தனக்கு வேண்டிய மின்சாரத்தை ஆலை தானே எடுத்துக்கொள்ளும். டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியே அடுத்த நடைக் குலைகளையும் வேகவைக்கும். அந்த நார் பழுப்பு நிறத்தில், கையில் எடுத்தால் லேசான ஈரமும் எண்ணெய்ப் பிசுக்குமாக இருக்கும். தீப்பற்றினால் தேங்காய் நார்போல் படபடவென்று எரியும். அப்பாவின் முன்கை மயிர் எப்போதும் கருகியே இருக்கும். அவருடைய சட்டையை மட்டும் அம்மா தனி வாளியில் ஊறவைப்பார்.

இன்று இதைப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்கிறார்கள். அந்தப் பெயர் அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

இந்த எரிசக்தியில் ஏன் பணம் போட வேண்டும் என்று விளக்குபவர்கள் பெரும்பாலும் பூமி சூடாவதிலிருந்து தொடங்குகிறார்கள். அதன் அவசரத்தில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. ஆனாலும் எங்கள் ஊர் கோப்பிக் கடையில் இதைப் பேசும்போது நான் அந்த இரண்டு கரண்டிலிருந்துதான் தொடங்குவேன். ஒன்றுக்கு எரிபொருளை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றொன்றுக்கு இயந்திரத்தை ஒருமுறை வாங்கிப் போட்டால் போதும். மீதி எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்து வருவதுதான்.

நாடு இன்று எரிப்பது எதை என்று பார்ப்போம். மலேசியாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வருகிறது. எரிவாயு நம் கடலில் கிடைக்கிறது என்றாலும் தீபகற்பத்துக்கு அது போதாமல், திரவமாக்கிய எரிவாயுவைக் கப்பலில் இறக்குவதற்கு 2013-இல் மலாக்கா சுங்கை ஊடாங்கில் ஒரு முனையம் திறக்கப்பட்டது. நிலக்கரியின் நிலைமை இன்னும் மோசம். தீபகற்பத்து மின் நிலையங்கள் எரிக்கும் நிலக்கரி அனேகமாக முழுவதும் வெளிநாட்டிலிருந்து, பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. மஞ்சோங், ஜிமா, தஞ்சோங் பின், காப்பார் என்று பெரிய நிலக்கரி நிலையங்கள் எல்லாமே கடலோரத்தில் இருப்பதற்குக் காரணம் அந்தக் கப்பல்கள்தான். காப்பார் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம். அதைச் சுற்றி இருந்ததும் தோட்டங்களே.

ஒரு யூனிட் மின்சாரம், அதாவது ஒரு கிலோவாட் மணி, எடுக்க ஏறக்குறைய அரை கிலோ நிலக்கரி வேண்டும். மாதம் 300 யூனிட் பயன்படுத்தும் ஒரு சாதாரண வீட்டுக்கு முழுவதும் நிலக்கரியிலிருந்தே கொடுப்பதாக வைத்துக்கொண்டால் 150 கிலோ. ஐம்பது கிலோ சாக்கில் மூன்று மூட்டை. மாதம் மூன்று மூட்டைக் கரியை யாரோ இந்தோனேசியாவின் காலிமந்தானில் வெட்டி, கப்பலேற்றி, நமக்காக எரிக்கிறார்கள். அடுத்த மாதம் மறுபடியும் மூன்று மூட்டை. நம் வீட்டு மூலையில் அந்த மூட்டைகள் அடுக்கியிருந்தால் இந்தப் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நினைப்பேன்.

வாங்கும் பொருள் என்றால் விலை விற்பவர் கையில். 2022 ஜனவரியில் தன் நாட்டு மின் நிலையங்களுக்கே கரி போதவில்லை என்று இந்தோனேசியா ஏற்றுமதியை ஒரு மாதத்துக்கு நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த மாதம் உக்ரைனில் போர் தொடங்கியது. ஆசியச் சந்தைக்கு அளவுகோலாக இருக்கும் ஆஸ்திரேலிய நிலக்கரி அந்த ஆண்டில் டன்னுக்கு 400 அமெரிக்க டாலரைத் தாண்டியது. நம் வீட்டு பில் ஏறவில்லையே என்று பலர் கேட்டார்கள். ஏறவில்லைதான், ஏனென்றால் அரசாங்கம் கட்டியது. 2023-இன் முதல் ஆறு மாதங்களுக்கு மட்டும் மின் கட்டண மானியம் ஆயிரம் கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போகக்கூடிய பணம் அது, புகைபோக்கி வழியாகப் போனது. தொழிற்சாலைகளுக்கோ 2023 ஜனவரி முதல் யூனிட்டுக்கு 20 சென் (நூறு சென் ஒரு வெள்ளி) கூடுதல் கட்டணம் விதித்தார்கள். அதுவரை அது 3.7 சென்னாக இருந்தது. 2025 ஜூலையிலிருந்து எரிபொருள் விலை ஏற்ற இறக்கத்தை மாதாமாதம் பில்லில் சேர்க்கும் முறை வந்திருக்கிறது. 600 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு அது இல்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர் வேலை செய்யும் பட்டறைக்கும் சாமான் வாங்கும் கடைக்கும் உண்டு. விலை அந்த வழியாக வீட்டுக்கு வந்துவிடும்.

இதற்கு மாறாக, சூரியத் தகடோ சிறு நீர்மின் நிலையமோ நாரெரிக்கும் பாய்லரோ எதை எடுத்துக்கொண்டாலும், செலவில் பெரும்பங்கு முதல் நாளிலேயே முடிந்துவிடும். இதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து மக்களைவிடத் தகுதியானவர்கள் யாருமில்லை. பால்மரம் (ரப்பர்) நட்டால் கத்தி வைக்க ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். செம்பனை மூன்றாவது ஆண்டில் காய்க்கும், இருபத்தைந்து ஆண்டு வரை வெட்டலாம். காடு அழிப்பு, நாற்று, உரம், களையெடுப்பு என்று எல்லாச் செலவும் முன்னால் வரும், பலன் பின்னால் வரும். நட்ட பிறகு மழையும் வெயிலும் இலவசம். சூரியத் தகட்டுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கொடுக்கும் உற்பத்தி உத்தரவாதமும் இருபத்தைந்து ஆண்டுதான். ஒரு செம்பனையின் ஆயுள்.

முன்னால் செலவு என்பதால் இதில் வட்டிதான் ராஜா. நிலக்கரி நிலையத்தின் செலவில் பெரும்பகுதி வருங்காலத்துக் கரி விலை. சூரிய நிலையத்தின் செலவில் பெரும்பகுதி இன்று வாங்கும் கடன். எட்டு விழுக்காடு வட்டிக்கு வாங்கினால் கட்டுபடியாகாத அதே தகடு, நான்கு விழுக்காட்டில் லாபம் தரும். அதனால் “சூரிய மின்சாரம் மலிவா, விலை அதிகமா?” என்று மொட்டையாகக் கேட்டால் பதில் இல்லை. யாருடைய பணம், என்ன வட்டிக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். நம் சேமநிதியும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலின் பெரிய பங்குதாரர்களில், நம் சேமநிதியை நடத்தும் ஈபிஎஃப் ஒன்று. வெட்டுக்காரரும் உரம் போடுபவரும் மாதாமாதம் பிடித்தம் கொடுத்த பணம் ஏற்கனவே மின் நிலையங்களில்தான் இருக்கிறது. இருபது, முப்பது ஆண்டு ஓட வேண்டிய முதலீட்டை எதில் போடுகிறார்கள் என்பது ஓய்வுக்குக் காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சொந்த விஷயம். புதிய நிலக்கரி நிலையம் இனிக் கட்டுவதில்லை என்று 2021-இல் அரசாங்கமே அறிவித்துவிட்டது.

தகட்டின் விலை சரிந்த வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய சூரிய நிலையங்களின் மின்சாரம் 2010-இல் யூனிட்டுக்கு 46 அமெரிக்கக் காசு ஆனது, 2023-இல் நான்கரைக் காசுக்கும் கீழே வந்துவிட்டது. பத்தில் ஒரு பங்கு. இது உலக அளவிலான சராசரி. இதற்குக் காரணம் எளிது. கரி தோண்டி எடுக்கும் பொருள். மேலாக இருப்பதை எடுத்துவிட்டால் ஆழத்துக்குப் போக வேண்டும். தகடு செய்யும் பொருள். செய்யச் செய்யக் கை பழகும். உலகில் தகடு உற்பத்தி ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வந்திருக்கிறது. இதில் மலேசியாவுக்கும் பங்கு உண்டு. தோட்டங்கள் சூழ்ந்த கெடா கூலிமில் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் 2008 முதல் தகடு செய்து வருகிறது. பேட்டரியின் விலையும் இதே பாதையில் இறங்குகிறது.

எங்கள் ஊருக்கு வருகிறேன். இந்த நாட்டில் செம்பனையை வணிகத்துக்காக முதன்முதலில் நட்டது 1917-இல், இங்கே, தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஹென்ரி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயரோ நம் தமிழ். நாட்டுக்கே சோறு போட்ட ஒரு தொழில் தமிழ்ப் பெயருள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தது என்பதை எங்கள் பிள்ளைகளில் பலர் அறியாமல் வளர்கிறார்கள். இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. மலாயாவில் மின்சாரம் முதன்முதலில் பயன்பட்டதாகப் பதிவாகியிருப்பது 1894-இல், ரவாங் ஈயச் சுரங்கத்தில். அதைக் கொண்டுவந்தவர்கள் சீனத் தொழிலதிபர் லோக் இயூவும், கோலாலம்பூர் மாரியம்மன் கோயிலை நிறுவிய கே. தம்புசாமிப் பிள்ளையும். ஆறே ஆண்டில், 1900-இல், ரவூப் தங்கச் சுரங்கக்காரர்கள் செம்பம் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டினார்கள். புதுப்பிக்கத்தக்க மின்சாரம் இந்த மண்ணுக்குப் புதிதாக வந்த விருந்தாளி இல்லை.

ஆலைக்குள் நாரும் ஓடும் தவிர இன்னொரு சரக்கு இருக்கிறது, கழிவு நீர். எண்ணெய் பிழிந்த பிறகு வரும் அந்தப் பழுப்பு நீரைக் குளம் குளமாகத் தேக்கி வைப்பார்கள். மழைக்காலத்தில் அந்த வாடை லயம் வரைக்கும் வரும். குளத்தின் மேல் கொப்புளம் கொப்புளமாக வெடிப்பது மீத்தேன். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது. குளத்தை மூடி வாயுவைப் பிடித்து இன்ஜினில் விட்டால் மின்சாரம். ஒரு டன் குலையில் அரை டன்னுக்கும் மேல் கழிவு நீர் வரும், ஒரு டன் கழிவு நீரிலிருந்து ஏறக்குறைய 28 கன மீட்டர் வாயு கிடைக்கும். பத்து டன் பழம் ஏற்றிய ஒரு லோரி ஆலைக்குள் நுழைந்தால், அதன் கழிவு நீரிலிருந்து மட்டும் 300 யூனிட்டுக்குக் குறையாமல் எடுக்கலாம். நான் முன்பு சொன்ன சாதாரண வீட்டின் ஒரு மாத மின்சாரம், எண்ணெயில் ஒரு சொட்டும் குறையாமல்.

நாட்டில் 400-க்கு மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன. 2014 முதல் புதிய ஆலைகளும் விரிவாக்கம் செய்யும் ஆலைகளும் இந்த வாயுவைப் பிடித்தாக வேண்டும் என்று செம்பனை வாரியம் விதித்திருக்கிறது. பழைய ஆலைகள் எல்லாம் இன்னும் செய்துவிடவில்லை. பிடித்த வாயுவிலிருந்து மின்சாரம் எடுத்தாலும் அதை விற்பது சுலபமில்லை. ஆலை காட்டுக்குள் இருக்கும், துணை மின் நிலையம் ஊரில் இருக்கும். இடையில் கம்பி இழுக்கும் செலவு சில சமயம் இன்ஜின் செலவுக்கே சவால் விடும். புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் முதலீடு என்றால் எல்லோரும் தகட்டைத்தான் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் தோட்டப் பகுதிகளில் முதல் வெள்ளி போக வேண்டிய இடம் அந்தக் கம்பி. அது ஆலைக்காரர் தனியாகச் செய்யக்கூடிய வேலையில்லை, பொதுப் பணம் செய்ய வேண்டிய வேலை.

சரி, வீட்டுக் கூரைக்கு வருவோம். இங்கேதான் நான் எல்லோருக்கும் பிடித்தமான பதிலைச் சொல்ல மாட்டேன். நம் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளைக்கு மூன்றரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் கொடுக்கும். குளிரூட்டி இரண்டு மூன்று வைத்து மாதம் 900 யூனிட் எரிக்கும் வீடு, 2025 ஜூலைக்கு முந்தைய கட்டணத்தில் 395 வெள்ளி கட்டியது. அங்கே இருபதாயிரம் வெள்ளியை ஒட்டிச் செலவழித்து ஐந்து கிலோவாட் போட்டால் ஆறு, ஏழு ஆண்டில் முதல் திரும்பும். ஆனால் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) முக்கால்வாசி வீடுகள் 300 யூனிட்டைத் தாண்டாதவை. அந்தக் கட்டணத்தில் 300 யூனிட்டுக்கு பில் 77 வெள்ளிதான். பில் முழுவதையும் மிச்சப்படுத்தினால்கூட ஆண்டுக்கு 924 வெள்ளி. பன்னிரண்டாயிரம் வெள்ளி போட்டு மூன்று கிலோவாட் வைத்தால் முதல் திரும்பப் பதின்மூன்று ஆண்டு ஆகும். புதிய கட்டண முறையிலும் குறைவாக எரிப்பவர்களுக்குத் தள்ளுபடி இருப்பதால் கணக்கு பெரிதாக மாறவில்லை. வெட்டுக்காரர் ஒருவர் சீட்டுப் பணத்தையும் நகைக் கடனையும் சேர்த்து இதில் போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வீடு வீடாக வந்து “பில்லே வராது” என்று விற்பவர்களிடம் பழைய பில்லைக் காட்டி, முதல் எப்போது திரும்பும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

இதில் ஒரு பழைய மனக்குறையும் எனக்கு உண்டு. உங்கள் மின்சார பில்லில் கீழே 1.6 விழுக்காடு என்று ஒரு வரி இருக்கும். மாதம் 300 யூனிட்டைத் தாண்டுபவர்கள் அனைவரும் கட்டும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி அது. 2011-இல் சட்டம் வந்து, இந்த எரிசக்தியை வளர்க்கும் அரசு அமைப்பான சேடா தொடங்கிய காலத்தில், வீட்டுக் கூரையில் சிறிய தகடு போட்டவர்களுக்கு இந்த நிதியிலிருந்து யூனிட்டுக்கு 1.23 வெள்ளி என்று 21 ஆண்டுக்கு உறுதி கொடுத்தார்கள். தொழில் வளர அது தேவைப்பட்டது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒதுக்கீடு குறைவு. விவரம் தெரிந்து, கையில் பணமும் வைத்திருந்து, விண்ணப்பம் திறந்தவுடன் போட்டவர்களுக்குக் கிடைத்தது. பத்தாங் பெர்ஜுந்தையில் அப்போது அதைப் பற்றிப் பேசிய ஓர் ஆளை நான் பார்க்கவில்லை. நிதிக்குக் கொடுத்த கையில் எங்கள் கையும் இருந்தது, வாங்கிய கையில் இல்லை.

அடுத்தடுத்து விதிகள் மாறின. 2016-இல் உபரி மின்சாரத்தைப் பில்லில் கழிக்கும் முறை வந்தது, 2019-இல் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழிப்பது என்று ஆனது, 2025 ஜூனில் அந்தத் திட்டம் முடிந்தது. 2026 ஜனவரியிலிருந்து நடப்பில் இருப்பதன் பெயர் சோலார் அதாப். மலாயில் அதாப் என்றால் கூரை. நாம் அத்தாப்புக் கூரை என்று சொல்லி வளர்ந்த அதே சொல். இந்தச் சொல்லைப் பார்த்ததும் என் பாட்டி குடியிருந்த வீட்டின் கூரை நினைவுக்கு வந்தது. கையில் எட்டும் உயரத்தில், ஓலை நுனி கருத்து, மழை நின்ற பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

யாருக்கு முதலில் பொருந்தும் என்று கேட்டால், கடைக்காரர்களுக்கு என்பேன். வீட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விலைப் படி கடைக்குக் கிடையாது. பழைய கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கே 43.5 சென், அதற்கு மேல் 50.9 சென். பசார் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் கோழியும் மீனும் வைக்கும் ஐஸ் பெட்டி, நடுப்பகல் வெயிலில்தான் அதிகம் உழைக்கும். தகடும் அதே நேரத்தில்தான் அதிகம் கொடுக்கும். எடுத்த மின்சாரம் கூரையிலிருந்து இறங்கிய கையோடு பெட்டிக்குப் போய்விடும். தமிழ்ப்பள்ளியும் அப்படித்தான். காலை ஏழரையிலிருந்து மதியம்வரை விசிறியும் கணினியும் ஓடும். நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள், பெரும்பாலானவற்றுக்கு நீளமான, நிழல் விழாத கூரை. கோயிலுக்குப் பூசை நேரத்து விளக்கைவிட மண்டபத்துக் குளிரூட்டிதான் பெரிய செலவு, கல்யாணங்களும் பகலில்தான் அதிகம்.

ஒருவரால் முடியாததைப் பலர் சேர்ந்து வாங்கலாம். தோட்டத்து மக்கள் இதை ஏற்கனவே செய்து காட்டியவர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டிய கைகள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்த பணத்தில் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள். அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. மாதம் இவ்வளவு என்று போட்டு, பல ஆண்டு கழித்துப் பலன் எடுக்கும் ஒரு சொத்தைக் கூலிக்காரர்கள் சேர்ந்து வாங்கலாம் என்று அறுபது ஆண்டுக்கு முன்பே எங்கள் தாத்தாக்கள் நம்பினார்கள். கடைத்தெருவின் பதினைந்து கூரைகளையும் ஒரு மண்டபத்தையும் சேர்த்து ஒரே திட்டமாகப் போட்டால், பொருத்துபவரிடம் விலை பேசலாம், பராமரிப்புக்கு ஒருவரை வைக்கலாம், வங்கியும் மதிக்கும். வீட்டுக் கூரைகளைத் திரட்டி வாடகைக்கு எடுத்து மின்சாரம் எடுப்பதற்கான கிரீம் என்ற திட்டத்தையும் அரசாங்கம் 2025-இல் அறிவித்திருக்கிறது. எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் கூரை வாடகையாகச் சில வெள்ளியைக் கொடுத்துவிட்டு லாபத்தைக் கொண்டுபோவது ஒரு வழி. உள்ளூர்க் கூட்டுறவே அந்த நிறுவனமாக இருப்பது இன்னொரு வழி. நான் இரண்டாவது பக்கம்.

ராத்திரிக்கு என்ன செய்வது என்ற கேள்வி எப்போதும் வரும். நியாயமான கேள்வி. தகடு இருபத்துநான்கு மணி நேரத்தில் ஒரு சில மணி நேரத்துக்குத்தான் முழு பலத்தோடு கொடுக்கும். அதனால் 2050-க்குள் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்று 2023-இல் அரசாங்கம் அறிவித்த இலக்கைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது நிறுவும் திறனின் கணக்கு, கிடைக்கும் மின்சாரத்தின் கணக்கில்லை. நூறு மெகாவாட் தகடு, நூறு மெகாவாட் நிலக்கரி நிலையம் கொடுப்பதில் நான்கில் ஒரு பங்கு கொடுத்தாலே பெரிது. அதை ஈடுகட்ட அணைகள் இருக்கின்றன. பகலில் சூரியன் கொடுக்கும்போது கென்யிர், தெமெங்கோர் தண்ணீரைப் பிடித்து வைத்து மாலையில் திறக்கலாம். பேட்டரி இருக்கிறது. நாரும் வாயுவும் ராத்திரியிலும் எரியும். எங்கள் லயத்து விளக்கு விடியும்வரை எரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது நிலம். பெரிய சூரியப் பண்ணைக்கு ஒரு மெகாவாட்டுக்கு மூன்று, நான்கு ஏக்கர் வேண்டும். கெடாவில் குவாலா கெட்டில், புக்கிட் செலாம்பாவ் பக்கம் ஏற்கனவே இருக்கின்றன, பெரிய தோட்ட நிறுவனங்களும் நிலத்தைச் சூரிய மின்சாரத்துக்கு விடத் தொடங்கியிருக்கின்றன. செம்பனை நின்ற இடத்தில் தகடு நின்றால் வெட்டுக்காரரும் வேண்டாம், பழம் பொறுக்குபவரும் வேண்டாம், காவலுக்கும் புல் வெட்டுவதற்கும் சிலர் போதும். பிராங் பெசார் தோட்டம் நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா ஆனபோது அங்கிருந்த குடும்பங்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். சரவாக்கில் பாக்குன் அணைக்காக ஏறக்குறைய பத்தாயிரம் பூர்வகுடி மக்கள் சுங்கை ஆசாப்புக்கு மாற்றப்பட்டார்கள். சுத்தமான மின்சாரம் என்பதால் மட்டும் அது யாருடைய வீட்டையும் பிடுங்கும் உரிமையைப் பெற்றுவிடாது. தோட்டத்தில் பண்ணை வந்தால் அங்கே குடியிருப்பவர்களுக்கு வீட்டு நிலம், பிள்ளைகளுக்குப் பயிற்சி, வருமானத்தில் ஊருக்கு ஒரு பங்கு என்று முதலிலேயே எழுத்தில் வாங்க வேண்டும். அதனால்தான் நான் கூரையையும் ஆலையையும் முதலில் வைக்கிறேன். அவற்றுக்கு யாரையும் கிளப்ப வேண்டியதில்லை.

பயிற்சி என்று சொன்னேன். தகடு பொருத்த வயர்மேன் உரிமம் உள்ள ஆள் வேண்டும், சூரிய மின்சாரத்துக்கென்று சேடாவே தனிப் பயிற்சி நடத்துகிறது. பாதுகாவலர் வேலைக்கும் லோரி ஓட்டவும் கிள்ளானுக்குப் போய்வரும் எங்கள் பையன்கள் இதைச் செய்ய முடியாதவர்கள் இல்லை. என் அக்கா மகன் ஒருவன் போய்ப் படித்துவிட்டு வந்தான். சென்ற மாதம் ஒரு பட்டறைக் கூரையில் அவன் வேலை செய்ததைக் கீழே நின்று பார்த்தேன். தகரத்தின் மேல் செருப்பில்லாமல் நிற்க முடியாத வெயில். கடைசி கம்பியை முறுக்கிவிட்டு இறங்கி வந்து, “மாமா, பாருங்க” என்று மீட்டரைக் காட்டினான். கரும்பலகைபோல் அசையாமல் கிடந்த தகடுகளிலிருந்து மூன்றரை கிலோவாட் வந்துகொண்டிருந்தது. சத்தமில்லை, புகையில்லை. எண்பது வயதைத் தாண்டிய அப்பாவையும் அழைத்துப் போயிருந்தேன். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. தகட்டுக்கு என்ன போடணும் என்று கேட்டார். ஒண்ணும் போட வேணாம் தாத்தா, தூசி படிஞ்சா தண்ணி ஊத்தினா போதும் என்றான் அவன்.

கோயில் மண்டபத்து மின்சார பில்லைப் பன்னிரண்டு மாதத்துக்கும் எடுத்துத் தரும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். கடைத்தெருவில் நான்கு பேர் தங்கள் பில்லைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டுக் கூட்டம் வருவதற்குள் எந்தக் கூரையில் எத்தனை கிலோவாட், தலைக்கு எவ்வளவு பங்கு, முதல் எந்த ஆண்டு திரும்பும் என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அக்கா மகன் கூரைகளை அளந்துகொண்டிருக்கிறான்.